பத்துப் பதினைந்து வருடப் பழைய டெஸ்க்டாப்பை இன்றைய இணையத்துக்குப் பயன்படுத்த முடியுமா?

தாராளமாக முடியும். 2008-இல் வாங்கிய, கோர் 2 டுவோ ப்ராசஸர் உள்ள மெஷினில்தான் இந்தப் பதிலை டைப் செய்கிறேன்.

உங்களுடையதில் 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7, எந்தத் தளமும் திறக்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது டேப் திறந்ததும் கேபினட் முன்னால் இருக்கும் ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும், மவுஸ் நின்று நின்று நகரும். ப்ராசஸர் பழசாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். உண்மையில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம், தீர்ந்துபோய், மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. அதனால் முதல் செலவு ரேமுக்கு. மதர்போர்டு எவ்வளவு ஏற்கும் என்று பார்த்துவிட்டு 4 ஜிபியாவது போடுங்கள். அடுத்தது எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். அதை மாட்டும் பழைய சாட்டா போர்ட்டில் அதன் முழு வேகம் வராதுதான், ஆனாலும் பழைய டிஸ்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

அப்புறம் விண்டோஸ் 7-ஐ விட்டுவிடுங்கள். 2020 ஜனவரியோடு அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. குரோமும் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் பேங்க் கணக்கைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் போட்டிருப்பது லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு இன்ஸ்டால் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதற்கு 64 பிட் ப்ராசஸர் வேண்டும். ஆனால் விண்டோஸ் 32 பிட் என்று காட்டினால் ப்ராசஸரும் 32 பிட் என்று அர்த்தமில்லை. கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான். இது தெரியாமல் நல்ல மெஷினைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு, அது எனக்கு வருத்தம்.

பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன். ஒரு செய்தித் தளத்தில் செய்தியைவிட விளம்பர ஸ்கிரிப்ட்தான் கனம். அதைத் தடுத்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். யூடியூப் திக்கினால் எச்264ஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். யூடியூப் பெரும்பாலும் விபி9 போன்ற புது வடிவங்களில்தான் வீடியோவை அனுப்புகிறது. பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாததால் முழு வேலையும் ப்ராசஸர் தலையில் விழுகிறது. இந்த எக்ஸ்டென்ஷன் பழைய எச்.264 வடிவத்தில் வீடியோவைக் கேட்டு வாங்கும், அதில் அந்த வேலை குறைவு. 480பி வைத்தால் நிம்மதியாக ஓடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்றே வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். சாயங்காலம்தான் மூலையில் இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது: 2008, ஜனவரி 1. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒரு கணக்கு உண்டு. 2008-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அவை எதுவும் செல்லாது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி, அது தீர்ந்துபோயிருந்தது. அதை மாற்றி, கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் தேதியைத் திருத்தினேன். எல்லாத் தளங்களும் திறந்துகொண்டன.