வகையும் குறிச்சொல்லும்: படைப்பாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

நூலக அறிவியல் படித்துவிட்டு, வீடியோ, ஓவியம், கதை எல்லாம் ஏற்றும் ஒரு தளத்தின் வகைப்பாட்டுக் குழுவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்தப் படைப்பு எந்த வகையில் போகும், எந்த டேக்கும் (குறிச்சொல்லும்) எந்த டேக்கும் ஒன்று, எதைத் தேடினால் எது கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நாள் முழுக்க வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வகை, டேக், ஹேஷ்டேக் மூன்றும் ஒன்றுதானே அக்கா? (கிட்டார் சொல்லித்தரும் ஒருவர்)

ஒன்றல்ல. வகை என்பது தளம் போட்டு வைத்த பட்டியல். யூடியூபில் இசை, கல்வி, விளையாட்டு, அறிவியல் தொழில்நுட்பம் என்று பதினைந்து போல இருக்கும். ஒரு வீடியோவுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். டேக் நாமே எழுதுவது, பல இருக்கலாம். ஹேஷ்டேக் என்பது எழுத்துக்குள்ளேயே நிற்கும், தொட்டால் திறக்கும் டேக். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்வைத்த யோசனை அது. 2009 வாக்கில்தான் ட்விட்டரே அதை இணைப்பாக மாற்றியது.

டேக் பழக்கம் அதற்கும் முந்தியது. 2003இல் இணைய முகவரிகளைச் சேமிக்கும் டெலிஷியஸ், 2004இல் படங்களைப் பகிரும் ஃப்ளிக்கர் இரண்டிலும் மக்கள் தாங்களாகவே சொற்களை ஒட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் சிக்கலை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சரியாகப் பிடித்தவர் நூலகவியல் அறிஞர் சீ. இரா. ரங்கநாதன். ஒரு புத்தகத்தை ஒரே அலமாரியில் வைக்க வேண்டும், ஆனால் அது ஐந்து விஷயங்களைப் பேசுகிறது. என்ன செய்வது? 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, பொருளை முகங்களாகப் பிரித்துத் தனித்தனியாகக் குறித்தது. பின்னாளில் அவர் அந்த முகங்களை ஐந்தாக வகுத்தார்: எதைப் பற்றி, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். டேக் போட உட்காரும்போது நான் இன்றைக்கும் இந்த ஐந்தையும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாடத்துக்கு வகை ‘கல்வி’யா ‘இசை’யா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பாடம் என்பதால் கல்வி. அந்த நேரத்தை ‘தொடக்கநிலை’, ‘விரல் பயிற்சி’, ‘அகூஸ்டிக்’ மாதிரி முகங்களுக்குக் கொடுங்கள்.

யூடியூபில் டேக் பெட்டியில் 500 எழுத்து வரை இடம் இருக்கிறது. முழுக்க நிரப்பினால் நல்லதா?

வேண்டாம். வீடியோவைப் பிறர் கண்டுபிடிப்பதில் அந்தப் பெட்டிக்குப் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. அடிக்கடி தப்பாக எழுதப்படும் சொல் உங்கள் தலைப்பில் இருந்தால், அந்தத் தப்பான வடிவத்தை அங்கே போடலாம், அவ்வளவுதான். தலைப்பும் முகப்புப் படமும் விளக்கத்தின் முதல் சில வரிகளும்தான் வேலை செய்யும். டேக்குகளை வாரி விளக்கத்தில் கொட்டுவது விதிமீறல். ஹேஷ்டேக் 60ஐத் தாண்டினால் அந்த வீடியோவின் எல்லா ஹேஷ்டேக்கையும் யூடியூப் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். தலைப்போடு சேர்ந்து தெரிவது மூன்று வரைதான். அந்த மூன்றை நன்றாக யோசித்துப் போட்டால் போதும்.

புதிதாக ஏற்றியதை யாருமே பார்ப்பதில்லை. அல்காரிதம் எதை வைத்து என்னை முடிவு செய்கிறது? (வானியல் விளக்கப் படங்கள் செய்பவர்)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பெரிய பரிந்துரை அமைப்புகள் பெரும்பாலும் இரண்டு படியில் வேலை செய்கின்றன. 2016இல் யூடியூபின் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இது தெளிவாக இருக்கிறது: முதல் படியில் பல லட்சம் வீடியோக்களிலிருந்து சில நூறு பொறுக்கப்படும், இரண்டாம் படியில் அந்தச் சில நூறும் இந்தப் பார்வையாளருக்கு ஏற்ப வரிசைப்படுத்தப்படும். வரிசைக்கான முக்கிய அளவு, எவ்வளவு நேரம் பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பு. இரண்டு படியிலும் பெரும் எடை மனிதர்களின் நடத்தைக்குத்தான்: யார் பார்த்தார்கள், பாதியில் விட்டார்களா, அடுத்து எங்கே போனார்கள்.

இப்போது உங்கள் வீடியோவை எடுங்கள். ஏற்றிப் பத்து நிமிடம் ஆகிறது. நடத்தைத் தகவல் பூஜ்யம். அந்த நேரத்தில் கணினிக்குக் கிடைப்பது நீங்கள் எழுதியதும், படத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் அதுவே பிரித்தெடுப்பதும், உங்கள் பழைய வீடியோக்களின் வரலாறும்தான். ஆகவே தலைப்பு, விளக்கம், டேக், வகை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை, முதல் சிறு கூட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க உதவுவது. அந்தக் கூட்டம் சரியாக அமைந்து அவர்கள் கடைசிவரை பார்த்தால் வட்டம் விரியும். தப்பான கூட்டத்துக்குப் போனால், பத்து வினாடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். வீடியோ நன்றாக இல்லை என்று கணினி கற்றுக்கொள்ளும்.

‘பிரபஞ்சத்தின் வியப்பு’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் தேடுவது ‘சனியின் வளையம் எப்படி உருவானது’ என்று. அந்தக் கேள்வியைத் தலைப்பில் வையுங்கள், வியப்பு உள்ளே வரட்டும். பேசும்போதும் முதல் அரை நிமிடத்துக்குள் ‘சனி’, ‘வளையம்’ என்ற சொற்களை வாயால் சொல்லிவிடுங்கள்.

டிரெண்டிங் டேக்கைச் சும்மா சேர்த்துவைத்தால் கூட்டம் வருமே?

வரும். நிற்காது. தொடர்பில்லாத டேக்கைப் பல தளங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன. எங்கள் குழுவில் ஒருமுறை, பரபரப்பாக ஓடிய ஒரு போட்டியின் டேக்கை ஆயிரக்கணக்கானவர்கள் சம்பந்தமில்லாத படைப்புகளில் ஒட்டினார்கள். மூன்றே நாளில் அந்த டேக் பக்கம் குப்பையாகிவிட்டது. நாங்கள் அதைப் பரிந்துரையிலிருந்தே எடுக்க வேண்டி வந்தது. உண்மையாகவே போட்டிக்கு வரைந்திருந்த பிள்ளைகளின் ஓவியங்களும் அதோடு காணாமல் போயின. அவர்களில் சிலர் எழுதிய கடிதங்களை நான்தான் படித்தேன். அந்த முடிவை அவ்வளவு அவசரமாக எடுத்திருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன். நீங்கள் ஒட்டும் தப்பான டேக் உங்களோடு நிற்பதில்லை, அதே டேக்கை நம்பி வந்த இன்னொருவரையும் மறைக்கிறது.

தமிழில் டேக் போடுவதா, ஆங்கில எழுத்தில் போடுவதா அக்கா? தமிழில் போட்டால் யாருக்கும் கிடைப்பதில்லை என்கிறார்கள். (சிறுகதை எழுதி ஒலியாகவும் வெளியிடுபவர்)

இரண்டிலும் போடுங்கள். தமிழில் கண்டிப்பாகப் போடுங்கள். நாம் போடாவிட்டால் தமிழ் டேக் பக்கங்கள் காலியாகவே கிடக்கும், தேடி வருபவரும் திரும்பிப் போவார். ஆனால் தமிழுக்கென்று சில பள்ளங்கள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, இடைவெளி. ‘தமிழ் சிறுகதை’ என்று ஹேஷ்டேக் போட்டால் ‘தமிழ்’ மட்டும்தான் டேக் ஆகும். சேர்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் அடிக்கோடு போட வேண்டும். சேர்த்து எழுதினால் ஒற்று வருகிறது: ‘தமிழ்ச்சிறுகதை’ என்று ஒருவரும் ‘தமிழ்சிறுகதை’ என்று இன்னொருவரும் எழுதுவார்கள். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. இலக்கணப்படி எது சரி என்பது எனக்கும் முக்கியம்தான். ஆனாலும் தேடல் பெட்டியில் இரண்டையும் அடித்துப் பார்த்து, கூட்டம் இருப்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இரண்டாவது, வேற்றுமை. ‘ஓவியம்’ என்பது ‘ஓவியத்தில்’, ‘ஓவியங்களை’ என்று மாறும்போது சொல்லின் அடியே மாறுகிறது. ஆங்கிலப் பன்மையைப் புரிந்துகொள்ளும் தேடல்கூட இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். டேக்கில் எப்போதும் எழுவாய் வடிவம், ஒருமை.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாதது. ‘ஔவை’ என்று ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து ‘ஒளவை’ என்றும் அடிக்கலாம். திரையில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடு முறைக்கு அவை வேறு சொற்கள். ‘கௌ’, ‘கெள’ விஷயமும் இதே கதை. உங்கள் தொடரின் தலைப்பில் ‘மௌனம்’ இருக்கிறது. ஒருமுறை அழித்துவிட்டு எழுத்தைக் கவனித்து அடித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது அது ‘மெளனம்’ என்றுதான் இருந்தது. ஒருவேளை உங்களை யாரும் கண்டுபிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ட்விட்சில் நேரலை செய்கிறேன். விளையாட்டைவிடப் பேச்சுதான் அதிகம். எந்த வகை?

பேச்சு அதிகமென்றால் ‘ஜஸ்ட் சாட்டிங்’. விளையாட்டுக்கு மாறும்போது வகையையும் மாற்றுங்கள், நேரலையின் நடுவிலேயே மாற்றலாம். டேக் பத்து வரை. 2022 முதல் நாமே எழுதிக்கொள்ளலாம். முதல் டேக்காக மொழியைப் போடுங்கள்.

வாசகர்கள் டேக்கைத் தங்கள் இஷ்டத்துக்கு எழுதினால் குழப்பம்தானே? யார் ஒழுங்குபடுத்துவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ரசிகர் புனைகதைகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற தளத்தைப் பாருங்கள். எழுதுபவர் என்ன டேக் வேண்டுமானாலும் எழுதலாம், ஒரு முழு வாக்கியம்கூட. பின்னால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஒரே பொருள் தரும் டேக்குகளை ஒரு தலைமை டேக்கோடு கட்டிவைக்கிறார்கள். எழுதியவரின் சொல் அழியாது, தேடுபவருக்கோ எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 2019இல் அந்தத் தளத்துக்கு ஹியூகோ விருதே கிடைத்தது. சுதந்திரமும் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று எங்கள் குழுவில் வாதாட நான் எப்போதும் காட்டிய எடுத்துக்காட்டு இது. ஆனால் அதற்கு மனித உழைப்பு வேண்டும், பெரும்பாலான தளங்கள் அந்த உழைப்புக்குச் செலவு செய்வதில்லை.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் வேறு வழியில் போகிறது. 2014 முதல் விளையாடுபவர்களும் டேக் போடலாம். எத்தனை பேர் அதையே போட்டார்களோ அதற்கேற்ப எடை.

‘குழந்தைகளுக்கானது’, ‘வயது வந்தோருக்கானது’ இவையும் டேக்தானா?

இவற்றைக் கலக்காதீர்கள். டேக் தப்பாகப் போனால் ஆள் குறைவார்கள், இவை தப்பாகப் போனால் சட்டச் சிக்கல். குழந்தைகளின் தரவைச் சேகரித்ததற்காக 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. 2020 ஜனவரி முதல் ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்த வீடியோவில் கருத்துப் பகுதியும் தனிப்பயன் விளம்பரமும் கிடையாது. கூட்டம் குறையுமே என்று பயந்து தப்பாகக் குறிக்காதீர்கள். பார்ப்பது குழந்தை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைவினைப் பொருட்களை எட்ஸியில் விற்கிறேன். டேக் 13தான் தருகிறார்கள், போதவில்லை.

போதும். ஒவ்வொன்றிலும் 20 எழுத்து வரை இடம் இருக்கிறது, ஒற்றைச் சொல்லாக வீணாக்காமல் சொற்றொடராகப் போடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த வகையும் நிறம், பொருள் போன்ற பண்புகளும் தாமே டேக் மாதிரி வேலை செய்கின்றன. அவற்றைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. உங்கள் பதின்மூன்றில் நான்கு இப்படித் திரும்ப வந்தவை.

பாட்காஸ்டுக்கு மூன்று வகை போட்டிருக்கிறேன், சரியா?

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், உங்கள் ஓடையில் (தொடரின் விவரங்களைத் தளங்களுக்குக் கொடுக்கும் ஃபீட் கோப்பில்) முதலில் இருக்கும் வகையையும் அதன் உட்பிரிவையும்தான் எடுத்துக்கொள்கிறது. முக்கியமானதை முதலில் வையுங்கள்.

பழைய வீடியோ நூற்றுக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் டேக்கை மாற்றினால் மீண்டும் ஓடுமா?

எல்லாவற்றையும் தொடாதீர்கள். நன்றாக ஓடுவதன் தலைப்பை மாற்றவே வேண்டாம். தேடலில் நிறையப் பேர் கண்ணில் பட்டும் யாரும் தொடாமல் விட்டவை எவை என்று உங்கள் புள்ளிவிவரப் பக்கத்தில் பாருங்கள். அப்படி ஐந்து எடுத்து, தலைப்பையும் முகப்புப் படத்தையும் மட்டும் மாற்றி நான்கு வாரம் காத்திருங்கள். மாற்றுவதற்கு முன் பழைய தலைப்பை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஓடவில்லையென்றால் திரும்பப் போடத் தேவைப்படும். அப்புறம் அந்த ஐந்தின் கதையை எனக்கு எழுதுங்கள், அடுத்த ஐந்தைச் சேர்ந்தே பார்க்கலாம்.