இ.ஜி.ஆர். வால்வை மாற்றத்தான் வேண்டுமா?

எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் குறியீடு வருகிறது, மெக்கானிக் புது இ.ஜி.ஆர். வால்வு (எஞ்சின் புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு) போடச் சொல்கிறார் என்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் பழையதைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். புகை போதிய அளவு திரும்பி வரவில்லை என்பதை மட்டும்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. வால்வு போய்விட்டது என்று சொல்லவில்லை.

கக்கிய புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திரும்ப ஊட்டுவதுதான் இந்த வால்வின் வேலை. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சும்மா கிடக்கும் அது, சிலிண்டருக்குள் சூடு அளவு மீறினால் ஆக்சிஜனோடு கூடி நச்சு வாயுவாகிவிடும். எரிந்து முடிந்த புகை மறுபடி எரியாது. இடத்தை அடைத்துக்கொண்டு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் எஞ்சினுக்குக் காற்று முழுதும் தேவை. அப்போது வால்வு மூடிக்கொள்ளும்.

புகையோடு கரி வருகிறது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து எண்ணெய் ஆவியும் இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் வழிக்கு, வருகிறது. இரண்டும் சேர்ந்தால் பிசின்தான். என் டீசல் காரில் கழற்றியபோது, கட்டைவிரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில்தான் நுழைந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன், மேலே பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அடியில் தார் போல இழுத்தது. எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குட்டிப் பயணங்கள்தான் என் வண்டிக்கு, அதனால்தான் இவ்வளவு கரி. வால்வில் ஒரு குறையும் இல்லை.

வால்வு திறந்தபடி சிக்கினால் உடனே தெரியும்: பெட்ரோல் வண்டி ஐடிலிங்கில் நடுங்கி அணையும், டீசல் வண்டி இழுக்காமல் கரும்புகை தள்ளும். மூடியபடி சிக்கினால் பலருக்குத் தெரிவதே இல்லை; பெட்ரோலில் சில சமயம் 'நாக்கிங்' என்ற தட்டும் சத்தம் கேட்கும்.

கரியை எடுக்க கிளீனர் அடிக்கும்போது வால்வின் மோட்டார் பக்கம் படாமல் பாருங்கள். மோட்டாரோ சென்சாரோ போயிருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்தால், அந்தப் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரில் விரிசல் இருக்கலாம். அது வேறு கதை. புகை திரும்பும் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்ட விரோதம்.

வால்வைத் திரும்ப மாட்டும்போது, இடுக்கில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே வைத்து முடுக்கினேன். மறுநாள் உஸ்ஸென்று காற்று கசிய, அத்தனை போல்ட்டையும் மறுபடி கழற்றினேன்.