போரையும் படுகொலையையும் எழுதும் கவிதைகள் வாசகரைச் சீண்டத்தான் வேண்டுமா?

பினாங்கில் நாங்கள் சிலர் கூடி வாசிக்கும்போதும் இக்கேள்வி எழுவதுண்டு. சீண்டல் தேவை என்பதே என் கருத்து. ஆனால் அது யாரை நோக்கி எறியப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் ஒரு தொகுப்பை மதிப்பிடுவேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை எழுதிய இலங்கைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான், 'புத்தரின் படுகொலை' கவிதையில் புத்தருடையதைத் தவிர வேறு பிணம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. சிவில் உடை அணிந்த காவலர்கள் புத்தரையே சுட்டுக் கொல்கிறார்கள், நூலகத்தின் புத்தகங்களைக் குவித்து அவருடைய சடலத்தை எரிக்கிறார்கள், தம்மபதமும் சாம்பலாகிறது. எரித்தவர்கள் எதைப் புனிதமென்று வணங்கினார்களோ அதையே அவர்கள் கையால் கொல்லவைத்ததில்தான் அக்கவிதையின் துணிச்சல் இருக்கிறது. அமைச்சர்களும் காவலர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அந்த வறண்ட அலுவலகத் தொனி, எந்த ஓலத்தையும்விட என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

ஈழப்போரின் இறுதிப் படுகொலைகள் நிகழ்ந்த முள்ளிவாய்க்காலுக்குப் பின், 2011இல் வெளிவந்த ஈழக் கவிஞர் சேரனின் 'காடாற்று' தொகுப்பு இன்னும் இருண்டது. 1983இல் வந்த அவருடைய 'இரண்டாவது சூரிய உதயம்' தொகுப்பில் கொதித்த சினம் இதில் அடங்கி, இழவு வீட்டின் பேச்சாக மாறியிருப்பதாக எனக்குப் படுகிறது. அதே காலத்தில் வந்த வேறு பல கவிதைகள் சிதைந்த உடல்களை அடுக்கிக்கொண்டே போயின. நான்காவது பக்கத்திலேயே மனம் மரத்துவிடும். (சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.)

மலேசியத் தமிழருக்கு இவை அயல்நாட்டுத் துயரம் அல்ல. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதையில் நம் தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதை வேலையில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறைகள் உண்டு. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. நாவலில் பேசப்பட்ட அளவுக்கு அந்தச் சாவுகள் நம் கவிதையில் பேசப்படவில்லை என்பது என் குறை. அப்படியொரு தொகுப்பு இங்கிருந்து வந்தால், அது ஜப்பானியரைச் சாடுவதோடு நின்றுவிடாமல், அச்சத்தாலோ ஆதாயத்துக்காகவோ லயத்து வீடுகளிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்த நம் கங்காணிகளையும் கிராணிகளையும் (தோட்ட எழுத்தர்கள்) கூண்டில் ஏற்ற வேண்டும்.