வாசகர் கேள்வி – பதில்: சான்றிதழ் தொலைந்துவிட்டது, டிசைன் படிக்கலாமா?

கேள்வி: அகதி அந்தஸ்துடன் இருக்கிறேன். ஆறு வயது மகளைத் தனியாக வளர்க்கிறேன். ஊரில் இரண்டு வருடம் கல்லூரியில் படித்தேன், பாதியில் நின்றுவிட்டது. மதிப்பெண் பட்டியல் எதுவும் கையில் இல்லை. கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பென்சிலைத் தொடும் முன் காகித வேலையை ஆரம்பித்துவிடுங்கள். இழுத்தடிப்பது அதுதான்.

சான்றிதழ்களை ஏற்பது, கட்டணச் சலுகை, உதவித்தொகை ஆகியவற்றில் அகதிகளை மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 22ஆவது பிரிவு. ஆவணம் காட்ட முடியாத அகதிகளின் தகுதியையும் மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று, வெளிநாட்டுப் படிப்புத் தகுதிகளை ஏற்பது பற்றிய 1997 லிஸ்பன் உடன்படிக்கை நேரடியாகவே சொல்கிறது. அந்த அடிப்படையில் ஐரோப்பியப் பேரவை அகதிகளுக்கென்று ஒரு தகுதிக் கடவுச்சீட்டு (பயணத்துக்கானது அல்ல, படிப்புத் தகுதிக்கானது) வழங்குகிறது. விரிவான படிவம் ஒன்றை நிரப்பி, நேர்காணலில் தேறினால், ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் மதிப்பீட்டுப் பத்திரம் கிடைக்கும். யுனெஸ்கோவும் இப்படி ஒன்றை நடத்துகிறது. இவை இடம் வாங்கித் தராது. சேர்க்கை அலுவலகம் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு பிடி கொடுக்கும், அவ்வளவுதான்.

படிவம் எதுவானாலும் முதலில் உங்கள் படிப்பைத் தாளில் மீட்டெடுங்கள். கல்லூரியின் பெயர், சேர்ந்த மாதம், நின்ற மாதம், ஒவ்வொரு பருவத்திலும் படித்த பாடங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். அதே வருடம் கூடப் படித்தவர் யாரிடமாவது மதிப்பெண் பட்டியல் இருந்தால் நகல் கேளுங்கள். பாடத்திட்டத்துக்கு அதுவே சாட்சி. பழைய மின்னஞ்சல் பெட்டியையும் துழாவிப் பாருங்கள்.

இங்கே பலர் சறுக்குவது ஊகித்து எழுதிய மதிப்பெண்ணில். நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்றே எழுதுங்கள். தஞ்சக் கோரிக்கையில் சொன்ன தேதிகளும் இதில் உள்ள தேதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். முரண்பட்டால் இரண்டு பக்கமும் சிக்கல். பழைய கல்லூரியைத் தொடர்புகொண்டால் உங்களுக்கோ ஊரில் உள்ள சொந்தங்களுக்கோ ஆபத்து வரும் என்றால் தொடர்புகொள்ளவே வேண்டாம். காரணத்தைச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை: படிப்புக் கடனை வருமானமாகக் கணக்கிட்டு நலத்தொகையைக் குறைக்கும் நாடுகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் நலத்துறையிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992 முதல் நடத்திவரும் ‘டாஃபி’ உதவித்தொகை இளநிலைப் பட்டத்துக்கானது. வயது வரம்பை முதலில் பாருங்கள்.

கேள்வி: போர்ட்ஃபோலியோ, அதாவது நான் செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கிறார்கள். என் பழைய வேலைகள் எல்லாம் போய்விட்டன. புதிதாக எதைச் செய்து வைப்பது?

பதில்: பழையது இல்லாதது பெரிய இழப்பு அல்ல. பார்ப்பவர்கள் தேடுவது முடிந்த படத்தைவிட, அதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதை. கல்லூரி எத்தனை பக்கம் கேட்கிறது என்று பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு போதும். இருபது சுமாரான வேலைகள் நல்ல நான்கையும் மூழ்கடித்துவிடும்.

உங்களைக் குழப்பிய ஒரு படிவத்தையே எடுங்கள். பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் சம்மதப் படிவம் நல்ல தேர்வு. அதை நகலெடுத்து, கண் எங்கே தடுக்கிறது என்று சிவப்பில் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் ஒரே வரியில் நெரிந்திருக்கும், கையெழுத்திட வேண்டிய இடம் அடிக்குறிப்போடு ஒட்டியிருக்கும். உள்ளங்கை அளவில் ஆறேழு கட்டங்கள் வரைந்து தகவலை வெவ்வேறாக அடுக்கிப் பாருங்கள். ஒன்றைத் தேர்ந்து முழு அளவில் செய்து, இரண்டு பேரிடம் நிரப்பக் கொடுங்கள். பேனா எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள். சிவப்புக் குறி, சிறு கட்டங்கள், தயங்கிய இடம், இறுதி வடிவம் நான்கையும் அடுத்தடுத்து வையுங்கள். கசங்கிய தாளை அழகாக மறுபடி வரையாதீர்கள். செயற்கைத்தனம் உடனே தெரிந்துவிடும்.

தமிழில் ஏதாவது செய்தால் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், எழுத்துகளை வரியில் அடுக்கும் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசர் என்ற அமைப்பு தேர்வாகாவிட்டால் ‘கொ’, ‘தே’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

புகைப்படம் எடுக்க வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போதும். ஃபிளாஷ் வேண்டாம். தாளைச் சுவரில் ஒட்டி, கேமரா அதன் நடுவுக்கு நேராக இருக்கட்டும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் ஓரங்கள் வளையாது.

கேள்வி: இப்போதே லேப்டாப்பும் மென்பொருளும் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். இடம் கிடைத்த பிறகு மாணவர் உரிமம், கல்லூரிக் கணினிக்கூடம், இரவல் கருவி எல்லாம் கேட்கலாம். அதுவரை இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்க்ரைபஸ் மூன்றும் இலவசம். பிறகு வாங்கினால் 16 ஜிபி நினைவகத்துக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பையனைத் தனியாக வளர்க்கும் அப்பா நான். ஸ்டூடியோ வேலையை எப்படிச் சமாளிப்பது?

பதில்: கால அட்டவணையில் இருப்பது வகுப்பு நேரம் மட்டும். ஸ்டூடியோ வேலை அதற்கு வெளியேயும் இருக்கும். சேரும் முன்பே நான்கைக் கேளுங்கள்: பகுதி நேரமாகப் படிக்கலாமா, எந்த நாட்களில் வருகை கட்டாயம், மாணவர் வேலைகளை எல்லோரும் பார்த்துக் கருத்துச் சொல்லும் விமர்சன அமர்வில் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கால நீட்டிப்புக்கு என்ன ஆதாரம் வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில் காய்ச்சல் வரும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்க வேண்டியதைக் கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாகவே முடியுங்கள். கடைசி இரண்டு நாளில் வரிசை நீளும். திரையில் பளிச்சென்று இருந்த பச்சை, அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கேயில் மங்கும். சுற்றிலும் 3 மிமீ ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் நிறம், விடாத கோப்பில் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். திருத்தி மறுபடி அச்சிட அந்த நான்கு நாள் வேண்டும்.

வீட்டில் திரை வேலையும் வரைதலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே பசையின் ஆவி பிள்ளை தூங்கும் அறையில் தங்கக் கூடாது. அட்டை வெட்டுவதையும் ஒட்டுவதையும் கல்லூரிப் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள். வேறு வழியில்லாமல் வீட்டில் வெட்டினால் இரும்பு அளவுகோலும் புது பிளேடும் எடுங்கள். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். ஒரே அழுத்தில் அறுக்காமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். உடைத்த பிளேடு முனைகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள்.