மாடு பக்கவாட்டில் மெல்கிறது, பூனை ஏன் அப்படி மெல்வதில்லை?

வித்தியாசம் தாடையிலும் பல்லிலும் இருக்கிறது. மாடு அசைபோடும்போது அருகில் நின்று பாருங்கள். கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகி, வளைந்து மேலேறி, மறுபடி நடுவுக்கு வரும். அது மேல்தாடையைவிடக் குறுகல் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு பக்கக் கடைவாய்ப் பற்கள்தான் அரைக்கும். மேலே முன்பற்களே கிடையாது, தடித்த ஈறுதான்! புல்லின் நார் கெட்டியானது. நன்றாக அரைபட்டால்தான் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க முடியும்.

பூனைக்கு அந்த வேலை இல்லை. தாடை பெரும்பாலும் மேலும் கீழும்தான் அசையும். பக்கப் பற்கள் கத்தரிக்கோல் மாதிரி இறைச்சியைத் துண்டாக்கும், அப்புறம் விழுங்கிவிடும்.

நம்மால் வெட்டவும் முடியும், அரைக்கவும் முடியும். இதில் எனக்கு வியப்பு நாக்குதான். ஒவ்வொரு கடிக்கும் நடுவில் உணவைப் பற்களின் மேல் தள்ளிவிட்டு, தான் கடிபடாமல் சட்டென்று விலகிக்கொள்கிறது.