பிஎஸ்5 இருக்கும்போது பிஎஸ்5 ப்ரோ வாங்கலாமா?

கேள்வி: வயது 29. கோவையில் ஐ.டி. வேலை, பிடித்தம் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2022-ல் வாங்கிய பிஎஸ்5 (சோனியின் ப்ளேஸ்டேஷன் 5 கேம் மெஷின், டிஸ்க் போடும் மாடல்) இருக்கிறது. துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது அதன் சக்தி கூடிய மாடலான பிஎஸ்5 ப்ரோ வாங்கி வருகிறேன் என்கிறார். 70,000 ரூபாய் ஆகுமாம். பழையதை 25,000-க்குக் கேட்கிறார்கள். கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி, மினிமம் கட்டி வருகிறேன். 80,000 ரூபாய் ஆர்.டி. அடுத்த மாதம் முடிகிறது. டி.வி. 43 இன்ச், 4கே, 60 ஹெர்ட்ஸ். வாங்கலாமா சார்?

பதில்: டி.வி.யின் ஹெர்ட்ஸைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். கார்டு பாக்கியைத்தான் நடுவில் ஒரு வரியில் ஓட்டிவிட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் மெஷின்.

2016 நவம்பரில் பிஎஸ்4 ப்ரோ வந்தபோது விலை 399 டாலர். 2013-ல் சாதா பிஎஸ்4 வந்ததும் அதே விலைக்குத்தான். 4கே டி.வி.க்கள் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம் வேறு. வாங்கக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியிருந்தும், 2017-ல் சோனி சொன்ன கணக்குப்படி, ப்ரோ வந்த பிறகு விற்ற பிஎஸ்4-களில் ஐந்தில் ஒன்றுதான் ப்ரோ. பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் வந்தது 699.99 டாலருக்கு, 2020-ல் வந்த டிஸ்க் மாடலைவிட 200 டாலர் அதிகம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இன்னும் 50 டாலர் ஏற்றினார்கள். டிஸ்க் டிரைவும் உள்ளே கிடையாது. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குத் தனியாகக் காசு கேட்கிற கதை! உங்கள் டிஸ்க்குகள் ஓட வேண்டுமென்றால் அந்த டிரைவுக்கு இன்னொரு 7,000 ரூபாய் எடுத்து வையுங்கள்.

இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது? ப்ரோவில் ஓடும் பிஎஸ்5 கேம்கள் உங்களிடம் இருக்கும் மெஷினிலும் ஓடும். படத்தின் துல்லியமா, வேகமா என்று கேம் கேட்கும்போது முக்கால்வாசி நேரம் ஆட்டக்காரர்கள் வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது பிஎஸ்5-இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி சொன்னார். இரண்டையும் சேர்த்துத் தருவதுதான் ப்ரோவின் வேலை. சிங்கப்பூரில் மச்சான் வீட்டில் 65 இன்ச் டி.வி.யில் பார்த்தேன். ஆட்டத்தை நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் போய், "இந்தத் தண்ணியில தெரியுற நிழலைப் பாருங்க" என்று காட்டினார். காட்டிய பிறகு தெரிந்தது. உங்கள் 43 இன்ச்சில், எட்டடி தள்ளி உட்கார்ந்தால் இன்னும் கஷ்டம். அப்புறம் பெரிய டி.வி. பார்க்கப் போவீர்கள், என் பயமெல்லாம் அதுதான்.

இன்னொன்று. ப்ரோ பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்ற காரணத்தால் ப்ரோ வெளியானபோது சோனி அதை இந்தியாவில் விற்கவில்லை. துபாயில் வாங்கியது இங்கே பழுதானால் வாரண்டிக்கு எங்கே போவீர்கள்? ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் வரி போட்டால் யார் கட்டுவது என்பதையும் அண்ணனிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி. பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம் அளவில் இருக்கும். 38,000-க்கு 1,330 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; மாதம் சுமார் 1,570 ரூபாய் போகிறது. பாக்கி இப்படியே நின்றால் வருஷத்துக்கு 18,800. ஒரு பக்கம் ஆர்.டி.யில் ஏழு சதவீதம் வாங்க மாதாமாதம் பணம் போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் 42 சதவீதம் கட்டியிருக்கிறீர்கள். ப்ரோ வாங்காவிட்டாலும் இது தப்பு.

ஆர்.டி. முடிந்த அன்றைக்கே கார்டை முழுசாக அடையுங்கள். மிச்சம் 42,000; ஒரு மாசச் சம்பளம்கூட இல்லை, அதைத் தொடாதீர்கள். மினிமம் கட்டிய தொகையோடு ஆர்.டி. தவணையையும் சேர்த்து ஆறு மாதம் தனிக் கணக்கில் போடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை போகவில்லையென்றால், பழையதை விற்ற காசும் சேர்ந்து, கடனில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். நான் தடுக்க மாட்டேன். அதுவரை 25,000-க்குக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அண்ணன் ஏதாவது வாங்கி வந்தே தீருவேன் என்றால், பேரீச்சம்பழம் போதும்.