உளவு, பாதுகாப்பு மாஸ்டர்ஸ்: நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன்

வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா ஜோபர்க்ல ரிஸ்க் அனலிஸ்ட், சொந்த ஊர் டர்பன். இன்டர்நேஷனல் செக்யூரிட்டி, இன்டெலிஜென்ஸ் பத்தி மேல படிக்கணும்னு நெனைக்கிறவங்க கேள்வி அனுப்புங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து எழுதுறேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி: அக்கா, இந்த மாஸ்டர்ஸ் முடிச்சா எம்.ஐ.6-ல சேரலாமா? இல்ல நம்ம ஊர் உளவுத்துறையிலயாவது?

எம்.ஐ.6 மறந்துடு தம்பி, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாம உள்ள விடமாட்டாங்க, நீ லண்டன்லயே கோல்டு மெடல் வாங்கினாலும் சரி. இந்த ஃபீல்டுல மார்க்க விட பாஸ்போர்ட் தான் முதல்ல பேசும், இத வெளிநாட்டு படிப்புக்கு ஆள் பிடிக்கற ஏஜென்ட்டுங்க யாரும் சொல்லமாட்டாங்க. நம்ம ஊர்ல ஸ்டேட் செக்யூரிட்டி ஏஜென்சி 2009-ல ஆரம்பிச்சது, உள்நாடு வெளிநாடு ரெண்டையும் ஒண்ணா போட்டு, அப்புறம் அது ஆளுங்கட்சியோட உட்கட்சி சண்டையில மாட்டி என்ன ஆச்சுன்னு, அத ஆராய ஜனாதிபதி போட்ட முஃபமாடி கமிட்டி அறிக்கை 2019-ல வெளிவந்தப்ப ஊருக்கே தெரிஞ்சுது. மறுபடி ரெண்டா பிரிக்க 2025-ல ஜனாதிபதி சட்டத்துல கையெழுத்து போட்டாச்சு. வேலை அறிவிப்பு வந்தா போடு, ஆனா செக்யூரிட்டி கிளியரன்ஸ்ல பேங்க் கடன், போலீஸ் கேஸ், வெளிநாட்டு தொடர்பு எல்லாத்தையும் துருவுவாங்க, அதுக்கு மாசக்கணக்கா ஆகும். அத மட்டும் நம்பி உக்காராத.

பீனிக்ஸ் தங்கச்சி: அப்போ கிளாஸ்ல என்னதான் சொல்லித் தராங்க?

நல்ல கேள்விம்மா. ஒளிஞ்சு பாக்கறது, பூட்டு திறக்கறது எல்லாம் கிடையாது. அரைகுறையா இருக்கற தகவல வச்சு எப்படி முடிவு பண்றது, அத ரெண்டு பக்கத்துல எப்படி எழுதறது, இதுதான் பாதி கோர்ஸ். மீதி பாதி வரலாறு, அணு ஆயுதம், பயங்கரவாதம், சைபர், சட்டம்.

ஒரு உதாரணம் சொல்றேன். 2001-ல ஈராக்குக்கு போக இருந்த அலுமினியம் குழாய்ங்கள ஜோர்டான்ல பிடிச்சாங்க. சி.ஐ.ஏ. இது அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டற சென்ட்ரிஃப்யூஜ் மெஷினுக்குனு சொல்லுச்சு. அமெரிக்க எனர்ஜி டிபார்ட்மென்ட் ஆளுங்க, அதாவது சென்ட்ரிஃப்யூஜ் பத்தி நிஜமாவே தெரிஞ்சவங்க, இல்ல இது சாதாரண ராக்கெட்டுக்கு, அளவு 81 மில்லிமீட்டர், ஈராக்காரன் ஏற்கனவே வச்சிருக்கற ராக்கெட்டோட அளவும் அதேதான்னாங்க. அமெரிக்க உளவுத்துறைங்க சேந்து குடுத்த 2002 அக்டோபர் அறிக்கையில பெரும்பான்மை முதல் கதை பக்கம் போயிடுச்சு, 2003-ல போர், அப்புறம் போய் தேடிப் பாத்தா ராக்கெட்டுக்குத்தான். இத கிளாஸ்ல எப்படி கிழிப்பாங்கன்னா, ஒரு பெரிய கட்டம் போடுவாங்க, மேல வரிசையா எல்லா சாத்தியமும், பக்கத்துல ஒவ்வொரு ஆதாரமும், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒத்துப்போகுதா போகலையான்னு குறிக்கணும். 'ரகசியமா வாங்கினான்'ங்கற ஆதாரம் ரெண்டு கதைக்குமே ஒத்துப்போகும் (தடை இருக்கற நாடு ராக்கெட் குழாயையும் ஒளிச்சுதானே வாங்கும்), அதனால அது எதையும் நிரூபிக்கல. எந்த கதைக்கு எதிரா ஆதாரம் கம்மியோ அதத்தான் எடுக்கணும், ஆதரவு எதுக்கு ஜாஸ்தின்னு எண்ணக்கூடாது. ரிச்சர்ட்ஸ் ஹோயர்னு ஒரு பழைய சி.ஐ.ஏ. ஆளு கொண்டுவந்த முறை இது. கேக்க சிம்பிளா இருக்கும், ஆனா தனக்கு பிடிச்ச முடிவ விட்டுக்குடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு செமினார்ல உக்காந்தா தெரியும்.

டொங்காட்ல இருந்து ஒரு அப்பா: மகள லண்டனுக்கு அனுப்ப வீட்டு மேல லோன் போடலாமான்னு யோசிக்கறேன். ப்ரிடோரியாவே போதுமா?

அங்கிள், கோவிச்சுக்காதீங்க, வீட்டு மேல கை வைக்காதீங்க. ரேண்டுல சம்பாதிச்சு பவுண்டுல கட்டற படிப்பு இது, திரும்பி வந்து நம்ம ஊர் சம்பளத்துல அத அடைக்கறது ரொம்ப சிரமம். முதல்ல இங்கேயே ஹானர்ஸ் (பி.ஏ.வுக்கு மேல ஒரு வருஷம்) முடிக்கச் சொல்லுங்க, அது இல்லாம ப்ரிடோரியா யுனிவர்சிட்டி செக்யூரிட்டி ஸ்டடீஸ் மாஸ்டர்ஸுக்கும் வழி இல்ல, வெளிநாட்டுக்கும் மூணு வருஷ பி.ஏ.வோட போறத விட ஹானர்ஸோட போறது பலம்.

பேர் பெத்த இடம்னா கிங்ஸ் காலேஜ் லண்டன் வார் ஸ்டடீஸ் தான், அதுக்கடுத்து வேல்ஸ்ல அபெரிஸ்ட்வித், 1919-ல உலகத்துலயே முதல் இன்டர்நேஷனல் பாலிடிக்ஸ் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்ச இடம். ரெண்டுலயும் மாஸ்டர்ஸ் ஒரே வருஷம். போறதா இருந்தா ஸ்காலர்ஷிப்போட போகட்டும். பிரிட்டிஷ் அரசாங்கம் குடுக்கற செவனிங் இருக்கு, ஃபீஸ், தங்கற செலவு, டிக்கெட் எல்லாம் வரும், ஆனா 2,800 மணி நேரம் வேலை அனுபவம் கேப்பாங்க (வாலன்டியர் வேலை, இன்டர்ன்ஷிப்பும் கணக்குல சேரும், கோயில் ஃபுட் டிரைவ் கணக்க எழுதி வைங்க, சிரிக்காதீங்க), முடிஞ்சதும் ஊருக்கு திரும்பி ரெண்டு வருஷம் இருக்கணும். இன்னொண்ணு எராஸ்மஸ் முண்டஸ்னு ஐரோப்பிய யூனியனோட கூட்டு மாஸ்டர்ஸ் திட்டம், அதுல இந்த ஃபீல்டுக்கு கிளாஸ்கோ யுனிவர்சிட்டி முன்னால நின்னு நடத்தற ரெண்டு வருஷ கோர்ஸ், ப்ராக் சார்ல்ஸ் யுனிவர்சிட்டியும் அதுல கூட்டு. அதுக்கு வேலை அனுபவ நிபந்தனை செவனிங் மாதிரி இல்ல, அதனால இப்பவே படிச்சு முடிக்கற பொண்ணுக்கு நான் இதத்தான் முதல்ல சொல்லுவேன்.

வெருலம் தம்பி: 2021 ஜூலை கலவரத்த தீசிஸா எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுக்கணும். முன்னாள் ஜனாதிபதி ஜூமா ஜெயிலுக்கு போனப்ப வெடிச்ச அந்த கலவரத்துல 350 பேருக்கு மேல செத்தாங்க, அதுல நம்ம ஆளுங்க நெறைய இருக்கற பீனிக்ஸ் பக்கம் நடந்த கொலைங்க இன்னும் நம்ம வீட்டு சாப்பாட்டு மேசையில யாரும் வாய் திறக்காத விஷயம். பேராசிரியர் சாண்டி ஆஃப்ரிக்கா தலைமையில போட்ட நிபுணர் குழுவோட அறிக்கை 2022 பிப்ரவரியில வெளிவந்துச்சு, உளவுத்துறை பெருசா கோட்டை விட்டுடுச்சுன்னு. உன் கேள்வி எங்க இருக்குன்னா, எச்சரிக்கை வரலையா, வந்தும் சரியான மேசைக்கு போகலையா, போயும் யாரும் அசையலையா? மூணும் வேற வேற நோய். ஆனா ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை. யுனிவர்சிட்டி எத்திக்ஸ் கிளியரன்ஸ் வராம ஒரு ஆள கூட பேட்டி எடுக்காத. அப்புறம் வாட்ஸ்ஆப்ல சுத்தற ரகசிய டாக்குமென்ட்னு எதையும் கையில வச்சுக்காத, அரசு ரகசியத்த காக்கற 1982 சட்டம் இன்னும் உயிரோட இருக்கு.

மேர்பேங்க் தாத்தா: எங்க காலத்துல டர்பன்லயே பெரிய உளவு வேலை நடந்துச்சே, அதெல்லாம் பாடத்துல வருமா?

வரணும் தாத்தா, ஆனா வெளிநாட்டு கோர்ஸ்ல ஒரு வரி கூட அபூர்வம், எனக்கு அதுல கோவம் உண்டு. மத்த பிள்ளைங்களுக்காக சொல்றேன், 80கள் கடைசியில ஆபரேஷன் வூலானு, நிறவெறி அரசுக்கு எதிரா போராடின ஏ.என்.சி. கட்சி நடத்தினது, அதோட தலைவர்கள்ல ஒருத்தரான மாக் மகராஜ் எல்லாம் உள்நாட்டுக்குள்ள ரகசியமா வந்து வேலை பாத்தாங்க. லண்டன்ல இருந்த ஏ.என்.சி. ஆளு டிம் ஜென்கின் போட்டுக் குடுத்த புரோகிராம்ல செய்தியை கம்ப்யூட்டர்ல பூட்டி, அத மோடம் சத்தமா மாத்தி சின்ன டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சு, தெரு ஓரத்து பப்ளிக் போன்ல இருந்து லண்டன் ஆன்சரிங் மெஷினுக்கு போட்டு விடுவாங்க. ஜெயில்ல இருந்த மண்டேலாவும் ஜாம்பியா லுசாகால இருந்த ஏ.என்.சி. தலைவர் டாம்போவும் இந்த வழியா பேசிக்கிட்டாங்க. 1990-ல போலீஸ் டர்பன்ல ஆள பிடிச்சப்ப தான் வெளிய வந்துச்சு. அதுல இருந்த மோ ஷேக் 2009-ல நாட்டோட வெளிநாட்டு உளவுத்துறைக்கே தலைவர் ஆனார். தாத்தா, உங்க நெனப்புல இருக்கறத பேரப்பிள்ளைங்கள விட்டு ரெக்கார்ட் பண்ண சொல்லுங்க, ப்ளீஸ்.

லெனேசியா தங்கச்சி: வேலை எங்க கிடைக்கும்?

பேங்க். நிஜமா. பணமோசடி தடுக்கறதுல ஓட்டை இருக்குன்னு, அத கண்காணிக்கற உலக அமைப்பு எஃப்.ஏ.டி.எஃப். நம்ம நாட்ட 2023 பிப்ரவரியில கிரே லிஸ்ட்ல (கூடுதல் கண்காணிப்பு பட்டியல்) போட்டுச்சு, 2025 அக்டோபர்ல தான் எடுத்துச்சு, அதுக்காக பேங்க்குங்க எடுத்த ஆளுங்க வேலை இன்னும் ஓடுது. அடுத்தது சுரங்கம், கேஸ், ஷிப்பிங் கம்பெனிங்களுக்கு ரிஸ்க் ரிப்போர்ட் எழுதறது. மொசாம்பிக் காபோ டெல்காடோல 2017-ல இருந்து கிளர்ச்சி, 2021-ல அங்க பால்மா ஊர் மேல தாக்குதல், டோட்டல்ங்கற பிரெஞ்சு கம்பெனியோட கேஸ் திட்டமே நின்னுச்சு. அத புரிஞ்சு எழுத போர்ச்சுகீஸ் தெரிஞ்ச ஆளு வேணும், நம்ம பிள்ளைங்க யாரும் படிக்கறதில்ல! அதே 2021 ஜூலையில துறைமுகம், ரயில் பாக்கற அரசு கம்பெனி டிரான்ஸ்நெட் மேல சைபர் தாக்குதல், டர்பன் துறைமுகத்துல கன்டெய்னர் வேலை ஸ்தம்பிச்சுது, அந்த மாதிரி வேலைக்கும் ஆள் தேடறாங்க.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: கணக்கு வராது, கோடிங் தெரியாது, பரவாயில்லையா? ஆன்லைன்ல ஆறு வாரத்துல 'இன்டெலிஜென்ஸ் டிப்ளமா' தராங்களே?

கணக்கு பரவாயில்ல, எக்செல் நல்லா வரணும், எழுத்து அத விட நல்லா வரணும். ஆறு வார டிப்ளமாவுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி சாக்கா (படிப்பு தகுதிங்கள பதிவு பண்ற நம்ம அரசு அமைப்பு) தளத்துல அந்த படிப்பு பதிவாகியிருக்கான்னு தேடு. இல்லன்னா அந்த காசுல போர்ச்சுகீஸ் கிளாஸ் சேந்துடு.

மீதி கேள்விங்களுக்கு ஞாயித்துக்கிழமை பதில் போடறேன். செவனிங் விண்ணப்பம் வழக்கமா ஆகஸ்ட்ல திறந்து அக்டோபர்ல மூடிடும், ரெஃபரன்ஸ் குடுக்கப் போற லெக்சரர்கிட்ட ஜூலையிலயே சொல்லி வைங்க, கடைசி நாள்ல கேட்டா அவங்களும் கடுப்பாவாங்க.